அப்பம் சுடாத வியாழன்

கர்த்தரின் கடைசி இராவுணவை நினைக்கும் பெசகா வியாழன் காலை. தேவன்மேடு சர்ச்சில் பன்னிரண்டு ஆண்களை வரிசையாக உட்காரவைத்துக் கால் கழுவினார் பங்குத்தந்தை. நான்காவது நாற்காலியில் இருந்தவர் பஞ்சாயத்துத் தலைவர் கரிமாட்டம் அவிராச்சன்.

பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி கொச்சுராணி, புருஷனின் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தின நாளே நகம் வெட்டி, எலுமிச்சம்பழம் தேய்த்துத் தயாராக வைத்திருந்த பாதம். பங்குத்தந்தை குனிந்து, தண்ணீர் ஊற்றி, துடைத்து, முத்தமிட்டார். அவிராச்சன் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தக் கண்மூடலை அவளுக்கு நன்றாகத் தெரியும். மேடையில் 'ஏழை எளியவர்கள்' என்று வாயில் வரும்போதெல்லாம் அவர் கண் அப்படித்தான் மூடும். கல்யாணம் ஆன நாளிலிருந்து பார்க்கிறாள். இன்றைக்கு அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

போன வாரம் வரைக்கும் அவளும் ஒன்றும் தெரியாதவள்தான். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தின் நடுவில் அவள் தியானத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து, வீட்டுக்குப் பின்னால் வெட்டிவைத்த மண்மேடு சரிந்து பெனடி செத்துப்போனான். ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்தவன். ரப்பர் ஷீட்டுக்குப் புகைபோடும் கொட்டகையை ஒட்டிய அறையில் தங்கி, மூன்று வருஷமாக அவள் சமையலறையில் சாப்பிட்டவன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சின் கடைசி வரிசையில் நிற்பவன். 'குடிச்சிட்டு, யாரும் சொல்லாம தானாப் போய் அங்கே படுத்துக் கிடந்தான்' என்று அவிராச்சனும் மகன் ஜோமியும் போலீசுக்கு எழுதிக் கொடுத்தார்கள். இவளும் நம்பினாள்.

மருமகள் லிஸ்மிதான் போன வாரம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் திடீரென்று உடைந்து அழுதாள்.

"அவன் குடிக்கவே இல்லை அம்மச்சி. மழை பெய்யுது, மண்ணு நிக்காது, இறங்க மாட்டேன்னான். அப்பச்சன்தான் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டி இறக்கிவிட்டார். நான் மாடியிலேர்ந்து பார்த்தேன்."

மலைச்சரிவில் யாரும் மண்ணெடுக்கக் கூடாது என்று பஞ்சாயத்தில் தடை போட்டவரே அவள் மாமனார் அவிராச்சன். கட்சிக்காரர்களின் கார் நிற்க இடம் வேண்டுமென்று சொந்த வீட்டுக்குப் பின்னால் வெட்டியவரும் அவரே.

அழுத மருமகளைத் தேற்றி முடிப்பதற்குள் போன் வந்தது. பெனடியின் மனைவி பூல்மணி. அவனிடம் கேட்டுக் கற்றுக்கொண்ட அரைகுறை மலையாளத்தில் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டாள்.

"அம்பது நாள் நோன்பும் பிடிக்கறேன், கறி, கள்ளு எதுவும் தொடமாட்டேன்னு எங்கிட்டச் சொன்னாரே அம்மா. குடிச்சாரா? இங்கே ஊரே அப்படித்தான் பேசுது. பிள்ளைங்களைப் பார்த்துச் சிரிக்கறாங்க."

கொச்சுராணி, "நான் விசாரிச்சுச் சொல்றேன் மோளே" என்று வைத்துவிட்டாள். அந்த வார்த்தை ஒரு வாரமாக அவளைத் தூங்கவிடவில்லை.

பூசை முடிந்து வீடு வந்ததும் அவிராச்சன் சட்டையைக் கழற்றிக்கொண்டே சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார். அடுப்பு அணைந்திருந்தது. பெசகா இரவில் குடும்பமே கூடி ஜெபித்து வெட்டித் தின்னும் புளிக்காத அப்பத்துக்கு உளுந்து ஊறவில்லை. தேங்காய் உடைக்கவில்லை. குருத்தோலை ஞாயிறன்று கொண்டுவந்த ஓலை, அப்பத்தின்மேல் வைக்கும் சிலுவையாகக் கிழிக்கப்படாமல் மாதாபடத்துக்குப் பின்னால் அப்படியே செருகியிருந்தது.

"என்னடி இது? இன்னும் அப்பத்துக்கு மாவு அரைக்கலையா?"

"அரைக்கலை."

"உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணும் கேடில்லை. இந்த வருஷம் நம்ம வீட்டிலே அப்பம் கிடையாது."

அவிராச்சன் சிரித்தார். "வெயில்லே நடந்து வந்தியா?"

"மரணம் நடந்த வீட்டிலே பெசகா அப்பம் சுடற வழக்கம் உண்டா இச்சாயா? உங்கம்மா செத்த வருஷம் சுட்டோமா? கூடப்பிறந்தவங்க வீட்டிலேர்ந்துதானே கொண்டுவந்து கொடுத்தாங்க?"

"நம்ம வீட்டிலே இப்ப யார் செத்தது?"

"பெனடி."

சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"வாயை மூடு. கூலிக்கு வந்தவன் செத்ததுக்கு நான் துக்கம் கொண்டாடணுமா? நாளைக்குக் கசாப்புக்கடைக்காரன் செத்தா அதுக்கும் அடுப்பை அணைப்பியா?"

"கசாப்புக்கடைக்காரரை நீங்க மண்ணுக்கடியிலே இறக்கலையே."

அவர் கை ஓங்கியது. ஓங்கிய கை அப்படியே நின்றது. அவள் நகரவில்லை. அடித்தால் அடிக்கட்டும் என்று முகத்தை நேராக வைத்துக்கொண்டு நின்றாள். பெண்டாட்டியைக் கை நீட்டினான் என்ற பேச்சு இன்றைக்கு வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, கையை இறக்கிக்கொண்டார்.

"யார் சொன்னது உனக்கு?"

"யாரோ சொன்னாங்க. பொய்யின்னா பொய்யின்னு சொல்லுங்க. மாதா படம் இருக்கு, தொட்டுச் சொல்லுங்க."

அவர் தொடவில்லை.

"கொச்சுராணி, நான் சொல்றதைக் கேளு. சாயங்காலம் கட்சியிலேர்ந்து குறுப்பு சார் வரார். சட்டசபை சீட்டு எனக்குத்தான்னு சொல்லப்போறார். ஆனானப்பட்ட ஆளெல்லாம் அவர் காலைச் சுத்தி வராங்க. இந்த நேரத்திலே ஒரு பையன் குடிச்சுச் செத்தான், புதைச்சாச்சு, முடிஞ்சுது."

"முடியலை. அவன் பொண்டாட்டி பிள்ளைங்களோட தலைகுனிஞ்சு நிக்கறா."

"ஆகட்டும், நான் ஜெயிச்சா அந்தப் பிள்ளைங்களைப் படிக்கவைக்கறேன். போதுமா?"

"குடிகாரன் பிள்ளைங்கன்னு பேர் வாங்கிட்டுப் படிக்கணுமா?"

"நீ எனக்குப் பொண்டாட்டியா, எதிர்க்கட்சியா?" என்று கத்தினார் அவிராச்சன். "போன கிறிஸ்துமஸ்ல அநாதை இல்லத்துக்கு எவ்வளவு செஞ்சேன்? ஆஸ்பத்திரி வாசல்லே தினமும் கஞ்சி ஊத்தறது யாரு? எனக்கு இரக்கம் இல்லையா?"

"இருக்கு. போட்டோக்காரன் இருக்கற இடத்திலே நிறைய இருக்கு."

இதற்கு மேல் பேசினால் தெருவுக்குக் கேட்கும். அவிராச்சன் கதவைத் திறந்து, "லிஸ்மீ!" என்று வீடு அதிரக் கூப்பிட்டார்.

லிஸ்மி வந்து நின்றாள். மாமனார் முகத்தை அவள் நிமிர்ந்து பார்த்ததில்லை.

"நீ சுடு அப்பத்தை. சிலுவை வெச்சது நமக்கு ஒண்ணு, வெளியாளு குறுப்பு சாருக்குக் கொடுக்கச் சிலுவை வைக்காதது ரெண்டு. அம்மச்சிக்குத் தலை சரியில்லை."

"எனக்குத் தெரியாது அப்பச்சா. எங்க அம்மா வீட்டிலே கன்னியாஸ்திரீ மடத்திலேர்ந்து வாங்கிக்குவோம்."

"அருமையான குடும்பம்!" என்றார் அவர். "ஜோமீ! எங்கே போய்த் தொலைஞ்சான்? டேய், எங்கேயாவது போய் ஒரு அப்பத்துக்கு வழி பண்ணு. ஏழு மணிக்கு மேஜைமேலே இருக்கணும்."

ஜோமிக்கு அப்பாவின் சத்தம் அடங்கினால் போதும். சின்ன வயசில் விடுதிப் பள்ளிக்கூடம், அப்புறம் துபாய், கல்யாணத்துக்குப் பிறகுதான் ஊர் வந்து சேர்ந்தான். வீட்டு வழக்கமெல்லாம் அவனுக்குப் பாதி தெரியும், பாதி தெரியாது. மடத்துக்குப் போன் போட்டான். காலையிலேயே தீர்ந்துவிட்டது என்றார்கள். உடனே மேட்டுவீட்டுப் பெரியம்மாவைக் கூப்பிட்டான். அவிராச்சனின் மூத்த அண்ணன் பாப்பச்சனின் மனைவி. அண்ணனும் தம்பியும் எல்லைக்கல் தகராறில் ஆறு வருஷமாகப் பேசுவதில்லை. ஆனால் பெரியம்மாவுக்கு ஜோமிமேல் தனிப் பிரியம்.

"பெரியம்மே, அம்மச்சி இந்த வருஷம் அப்பம் சுடலை. உங்க வீட்டிலே சுடறப்ப எங்களுக்கும் ஒண்ணு சேர்த்துச் சுடுங்களேன்."

அந்தப் பக்கம் பெரியம்மா தழுதழுத்த குரலில், "சரி மோனே. நாங்க கொண்டுவரோம்" என்றாள்.

வேலை முடிந்தது என்று ஜோமி குளிக்கப் போனான். என்ன சொல்லிவிட்டோம் என்று அந்த அசடுக்குத் தெரியவில்லை. நாங்கள் சுடவில்லை, நீங்கள் கொண்டுவாருங்கள் என்று ஒரு வீட்டிலிருந்து பெசகா அன்றைக்குச் சொல்லி அனுப்பினால் அந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

சாயங்காலம் குறுப்பு சார் வந்தார். கட்சியின் மாவட்டச் செயலாளர். வெள்ளை வேட்டி, மெல்லிய குரல், யாருக்கும் பிடிகொடுக்காத கண். கூடவே பையில் கேமராவோடு ஒருவன். வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்து லிஸ்மி கொடுத்த பால் விடாத கட்டன் சாயாவைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப நல்ல நாள் பார்த்து வந்திருக்கேன் அவிராச்சா. கால் கழுவற படம் பத்திரிகைக்குப் போயாச்சு. உங்க அப்பம் வெட்டற படம் ஒண்ணு எடுத்துட்டா ஜோராயிருக்கும்."

"வீட்டு ஆளுங்க மட்டும் சேர்ந்து வெட்டறது சார். ஆனா உங்களுக்கு மறைவு என்ன?"

கொச்சுராணி சமையலறை வாசற்படியில் நின்று இதைக் கேட்டாள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேசாமல் உள்ளே போய்விடலாம் என்று திரும்பியபோது வெளியே கேட் திறக்கும் சத்தம்.

பாப்பச்சன் வந்துகொண்டிருந்தார். ஆறு வருஷமாக இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். வெள்ளை ஜிப்பா, வெள்ளை வேட்டி. பின்னால் பெரியம்மா, வாழையிலை போட்டு மூடிய தட்டும் பால் தூக்குமாக. அவர்களுக்குப் பின்னால், பெரியம்மா சொல்லியனுப்பிய அவிராச்சனின் தங்கை குடும்பம், கையில் இன்னொரு தட்டு. அதற்கும் பின்னால் பக்கத்து வீட்டு லூக்கா, அவன் கையிலும் ஒரு தட்டு. எல்லோரும் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார்கள்.

பாப்பச்சன் நேராகத் தம்பியிடம் போய் இரண்டு கையாலும் அவர் தோளைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது.

"அவிராச்சா, எல்லைக்கல்லும் மண்ணாங்கட்டியும் கிடக்கட்டும்டா. சாவு வீட்டுக்கு வராம இருக்க முடியுமா? எனக்கு ஏன் சொல்லியனுப்பலை? யார் போனது?"

அவிராச்சனுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன போனது? யாரும் போகலையே."

"யாரும் போகலையா? அப்புறம் எதுக்கு அப்பம் கேட்டு அனுப்பினே?"

"நான் எங்கே கேட்டேன்?"

எல்லோரும் ஜோமியைப் பார்த்தார்கள். ஜோமி பெரியம்மாவைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. முகம் வெளுத்துப்போயிற்று.

பாப்பச்சனின் கை தம்பியின் தோளிலிருந்து கீழே இறங்கியது. "டேய், சாவு நடக்காத வீட்டுக்கா என்னை அப்பம் சுமக்கவெச்சே? சோபாவிலே ஆளைக் கூட்டிவெச்சு என்னைக் கேவலப்படுத்தறியா? எல்லைக்கல்லுக்குப் பழி வாங்கறியா நீ?"

"பழியில்லை சேட்டா." கொச்சுராணி முன்னால் வந்தாள். "இது சாவு நடந்த வீடுதான். பெனடி செத்தான். நம்ம வீட்டுச் சோறு தின்னவன், நம்ம வேலையிலே செத்தான். அதனாலேதான் நான் அப்பம் சுடலை."

குறுப்பு சார் சாயாக் கோப்பையைக் கீழே வைத்தார்.

கொச்சுராணி தன் புருஷனைப் பார்த்தாள். இனி இவருக்கு ஓட வழியில்லை என்றுதான் நினைத்தாள். ஆனால் அரசியலில் பழம் தின்று கொட்டை போட்ட மனுஷர் அவர். கண்ணை மூடினார். திறந்தபோது கண்ணில் நீர் இருந்தது.

"ஆமா சேட்டா," என்றார் தொண்டை கம்ம. "எனக்குச் சொல்ல வாய் வரலை. அவன் எனக்கு மகன் மாதிரி. ஜாதி, மொழி, ஊரு எதுவும் நான் பார்க்கலை. அந்த ஏழைப் பையனுக்காக இந்த வருஷம் எங்க அடுப்பு எரியலை. கொச்சுராணிகிட்ட நான்தான் சொன்னேன்."

"அடடா!" என்றார் குறுப்பு சார். எழுந்தே நின்றுவிட்டார். "இதுதான் அவிராச்சன்! எடுப்பா படத்தை. இதுக்கு மேலே என்னப்பா பிரச்சாரம் வேணும்?"

கேமராவில் வெளிச்சம் அடித்தது. பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாப்பச்சன்கூட இளகிப்போய்த் தம்பியின் முதுகைத் தட்டினார்.

கொச்சுராணி புருஷனையே பார்த்தாள். பாவி, பாவி! இதையும் பிடுங்கிக்கொண்டாயா? செத்தவனை இன்னொரு தரம் இறக்கி வேலை வாங்குகிறாயே! அவள் மேஜை பக்கம் போய் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபம் சொன்னார்கள். பாப்பச்சன் கத்தியை எடுத்தார். சாவு வீட்டில் மூத்தவர்தான் வெட்டிக் கொடுக்க வேண்டும். ஓலைச் சிலுவையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு அப்பத்தைத் துண்டாக்கினார். சாவு வீட்டுக்காரர்களில் வயசு வரிசைப்படி முதல் துண்டு அவிராச்சனுக்கு. அவர் இரண்டு கையையும் ஏந்தினார். மறுபடியும் கண் மூடியது.

"சேட்டா, கொஞ்சம் பொறுங்க," என்றாள் கொச்சுராணி.

பாப்பச்சனின் கை நின்றது.

"நம்ம வீட்டு ஆளுன்னு இவர் சொல்லிட்டார். சந்தோஷம். நம்ம வீட்டு ஆளு எப்படிச் செத்தான்னும் சொல்லச் சொல்லுங்க. குடிச்சுட்டுப் படுத்துக் கிடந்தான்னு போலீசுக்கு எழுதிக் கொடுத்திருக்கார். பெனடி நம்ம எல்லாரையும்விட ஒழுங்கா அம்பது நோன்பு பிடிச்சுட்டிருந்தவன். அவன் குடிச்சானா, இவர் மழையிலே திட்டி இறக்கினாரா? கேளுங்க."

"ஏய்!" என்றார் அவிராச்சன்.

பாப்பச்சன் தம்பியை உற்றுப் பார்த்தார். துண்டு இன்னும் அவர் விரலிடுக்கில் இருந்தது.

"அவிராச்சா, எனக்கு உன் அரசியல் தெரியாது. இது என்ன சாமான்னு உனக்குத் தெரியும். வாயிலே போடறதுக்கு முன்னாலே சொல்லு. பையன் குடிச்சிருந்தானா?"

அவிராச்சன் குறுப்பு சாரைப் பார்த்தார். குறுப்பு சார் எங்கோ கூரையைப் பார்த்தார். கேமராக்காரன் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டான்.

"குடிச்சிருந்தான்," என்றார் அவிராச்சன். "நானே பார்த்தேன்."

பாப்பச்சன் துண்டைத் தம்பியின் கையில் வைத்தார். அவிராச்சன் வாயில் போட்டு மென்றார். விழுங்கினார். ஒரு வாய் பாலும் குடித்தார். லிஸ்மி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்தது கொச்சுராணி. வாங்கினாள், தின்னவில்லை, கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தோற்றுவிட்டோம் என்று அவள் மனசு சொன்னது. பூல்மணிக்கு இனி என்ன பதில் சொல்வது? இந்த மனுஷனோடு இனி எப்படி ஒரு மேஜையில் உட்காருவது?

அடுத்து ஜோமி.

பாப்பச்சன் துண்டை நீட்டினார். ஜோமி கை நீட்டவில்லை.

"வாங்கிக்கோடா."

"எனக்கு வேண்டாம் பெரியப்பா."

அந்தக் குடும்பத்தில் பெசகா அப்பத்தை வேண்டாமென்று சொன்னவர் யாரும் கிடையாது. தங்கை வீட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னடா சொல்றே?"

"பெனடி குடிக்கலை." ஜோமியின் குரல் சிறுபிள்ளைக் குரல் மாதிரி உடைந்தது. "மேலே மண்ணு வெடிச்சிருக்குன்னு எங்கிட்டக் காட்டினான். நான் அப்பச்சன்கிட்டச் சொன்னேன். அவன் இறங்கலைன்னா நீ இறங்குன்னார். நான்... நான் பேசாம ஒதுங்கி நின்னுட்டேன். எனக்குப் பதிலா அவன் இறங்கினான். அப்புறம் போலீஸ்ல அப்பச்சன் சொன்னதையே நானும் எழுதிக் கொடுத்தேன்."

"ஜோமீ, உள்ளே போ!" அவிராச்சனின் கர்ஜனையில் மெழுகுவர்த்தி ஆடியது.

ஜோமி உள்ளே போகவில்லை. சட்டைப்பையில் பைக் சாவியைத் தேடினான். சோபா பக்கம் திரும்பிக் கேட்டான்: "குறுப்பு சார், இந்நேரத்துக்கு ஸ்டேஷன்லே இன்ஸ்பெக்டர் இருப்பாரா?"

குறுப்பு சாருக்கு அதுவரை இருந்த பொறுமை போய்விட்டது. சோபாவில் மறுபடி உட்கார்ந்திருந்தவர் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "எனக்கு இன்னும் ரெண்டு வீடு போகவேண்டியிருக்கு அவிராச்சா. குடும்ப விஷயம், நீங்க பேசி முடிங்க. சீட்டு விஷயம் அப்புறம் பார்க்கலாம்." சாயாவுக்கு நன்றிகூடச் சொல்லாமல் வெளியேறினார்.

கார் கிளம்பும் சத்தம் கேட்டதும் அவிராச்சன் பாய்ந்துபோய் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். கழுவித் துடைத்த அந்தக் கால் நிலைப்படியின் குறுக்கே இருந்தது.

"போனா உன்னையும்தான்டா உள்ளே வைப்பான், முட்டாள்! பெத்த அப்பனைக் காட்டிக் கொடுக்கப் போறியா? எவனோ ஒரு ஹிந்திக்காரனுக்காக?"

"கொஞ்சம் முந்தி மகன் மாதிரின்னீங்களே," என்றார் பாப்பச்சன்.

லிஸ்மி ஓடிவந்து புருஷன் பக்கத்தில் நின்றாள். மாமனார் எதிரிலேயே அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "நானும் வரேன். மாடியிலேர்ந்து பார்த்தது நான்தான்."

கொச்சுராணி மகனைப் பார்த்தாள். இவன் ஒருவன்தான் அவளுக்குப் பிள்ளை. போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் நின்றுவிடுவான். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டு, கையிலிருந்த அப்பத்துண்டை மேஜைமேல் வைத்தாள். நேரே வாசலுக்குப் போனாள்.

"வழி விடுங்க இச்சாயா. என் மகன் போகட்டும்."

அவிராச்சன் நகரவில்லை. ஜோமியும் நிற்கவில்லை; லிஸ்மியோடு அந்தக் காலைத் தாண்டிப் படியிறங்கினான்.